நற்கருணைக்குப் பிறகு

எங்கள் கடற்கரை ஊர்க் கோயிலில் அப்போது ஒலிபெருக்கி திருவிழாவுக்கு மட்டும்தான், அதுவும் வாடகைக்கு வரும். ஞாயிறு பூசையில் கிராதி அருகே முழந்தாளிட்டு நற்கருணை வாங்கித் திரும்பும் ஆச்சி, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். பக்கத்தில் நான் நெளிந்தால், கண் திறக்காமலே தொடையில் ஒரு தட்டு விழும். பாட்டு கிடையாது, அறிவிப்பு கிடையாது. பீடத்தில் சாமியாரும் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கடல் இரைவது கேட்கும். அத்தனை பேர் கூடியிருந்தும் ஒருவரும் பேசாதிருப்பது சிறுவனான எனக்குப் பயமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

பெரிய வியாழன் வந்தால் கேட்கவே வேண்டாம். வானவர் கீதத்துக்கு எல்லா மணிகளும் ஒன்றாக அடித்து ஓயும். அதோடு சரி, பாஸ்கா திருவிழிப்பு வரை மணிக்கு வேலையில்லை. அப்பத்தை உயர்த்தும்போது மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். அந்த வறண்ட ஓசை கேட்டதும் ஆச்சி அழத் தொடங்குவாள். உயிர்ப்புப் பூசை முடியும்வரை வீட்டில் ரேடியோவைத் தொடக் கூடாது.

இன்று அதே கோயிலில் தூணுக்குத் தூண் ஸ்பீக்கர். நற்கருணைப் பாட்டு முடிந்த கையோடு நன்றிப் பாட்டு, அது ஓயுமுன் திருமண ஓலை, அன்பியக் கூட்டம், அசனத்துக்கு நன்கொடை. பாடகர் குழுப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சனிக்கிழமை மாலையெல்லாம் உட்கார்ந்து பழகுகிறார்கள். கீபோர்டு ஒரு கணம் நின்றால், கரண்ட் போய்விட்டதோ என்று எல்லோரும் தலையைத் திருப்புகிறோமே, அதுதான் என்னை வாட்டுகிறது.

மௌனமெல்லாம் பழைய காலத்துப் பக்தி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை மாற்றிவிட்டது என்பார்கள். அது சரியல்ல. 1963இல் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 30ஆம் எண் மக்களின் பங்கேற்பைப் பற்றியது. மறுமொழி, பாடல் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, உரிய வேளையில் மௌனமும் காக்க வேண்டும் என்கிறது. மௌனமும் பங்கேற்புதான்.

நம் மண்ணுக்கு இது புதிதுமல்ல. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் மொன்ஷானென், அபிஷிக்தானந்தா என்ற இரு பிரெஞ்சுத் துறவிகள் சாந்திவனத்தைத் தொடங்கினார்கள். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் அங்கே வந்து பொறுப்பேற்றார். விடியும் வேளையும் அந்தி வேளையும் அங்கே தியானத்துக்கு உரியவை. உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் அதைத் தேடி வருகிறார்கள். பங்குக் கோயில் ஆசிரமமாக வேண்டாம், இரண்டு நிமிடம் கொடுத்தால் போதும். பிள்ளையைப் பறிகொடுத்தவளும் கடனில் முழுகியவனும் ஆண்டவரிடம் தங்கள் சொந்த வார்த்தையில் பேச, பூசையில் வேறு எந்த இடம் இருக்கிறது?

ஃபாதர்மாரே, அறிவிப்புகளை நற்கருணை மன்றாட்டுக்குப் பிறகு வையுங்கள். திருப்பலி ஒழுங்கும் அதைத்தான் சொல்கிறது. நற்கருணை வழங்கி முடித்ததும் நீங்கள் முதலில் உட்காருங்கள், மைக்கை அணைத்துவிட்டு.