ரொக்கப் பார்ட்டி

எங்கள் பக்கத்தில் வீடு கட்டப் பணம் இருந்தால் போதும். விற்கத்தான் பங்காளிகள் வேண்டும். அதுவும் அத்தனை பேரும், ஒரே சமயத்தில், ஒரே மனதோடு. பிள்ளையார்பட்டிக்கு வரும் வெளியூர்க்காரர்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகப் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்து, “இவ்வளவு பெரிய வீட்டைச் சும்மா போட்டு வச்சிருக்காங்களே” என்று அங்கலாய்ப்பார்கள். சும்மா யார் போட்டு வைத்தது? வாங்க ஆள் வரவில்லை.

கைமாற்ற முடியாத சொத்து எங்களுக்குப் புதிதும் அல்ல. ஐயாவின் அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்யப் போனவர். கொடுத்த கடன் ரொக்கமாகத் திரும்பிய வரை தேக்கு கப்பலேறி வந்தது, வீடு எழும்பியது. 1930ஐ ஒட்டி நெல் விலை சரிந்தபோது கடன்பட்டவர்களிடம் காசில்லை. வயலை எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்பர்மாவின் நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் பேருக்கு வந்துவிட்டது. பத்திரம் நிறைய இருந்தது, வாங்குகிறவன் இல்லை. 1942ல் ஜப்பான்காரன் வந்தான். நிலம் அங்கே நின்றுபோயிற்று. வீடு இங்கே நின்றது.

முதல் ரொக்கப் பார்ட்டியை நான் பார்த்தது 1981ல். பக்கத்து வீட்டுச் சித்தப்பா வீட்டைக் கொடுக்க முடிவு செய்தபோது வந்த மரக்கடைக்காரர். சைக்கிளில் வந்தார், கையில் மஞ்சள் பை, மடியில் பேனாக்கத்தி. மேலே தொங்கிய பெல்ஜியம் சரவிளக்கை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே தூணிடம் போனார். வண்ணப்பூச்சை ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டி, எச்சில் தொட்டுத் தேய்த்து, ரேகை எப்படி ஓடுகிறது என்று வெளிச்சத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு விரல் முட்டியால் அடியிலிருந்து கை எட்டும் உயரம் வரை தட்டிக்கொண்டே போனார், பலாப்பழம் வாங்குகிறவர் மாதிரி. ஒரு இடத்தில் சத்தம் மாறியது. அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு. கரையான்.

கன அடிக் கணக்கெல்லாம் பீடிக்கட்டுக் காகிதத்தின் பின்புறம். நிலைக்கதவின் மேல் செதுக்கியிருந்த லட்சுமிக்குத் தனி விலை. முட்டை வெள்ளைக்கரு கலந்து, முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிய சுவரைத் தடவியபோதுதான் முகம் சுளித்தார். “இதைக் கொத்தி அள்ள எத்தனை ஆள் கூலி ஆகும்!” என்று சொல்லி அந்தக் கூலியை விலையில் கழித்தார். மனை வேண்டாமாம். “அது உங்ககிட்டயே இருக்கட்டும் செட்டியாரே. எனக்கு மரமும் இரும்பும் போதும்.”

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா சொன்னது: “அவன் பாக்குற மாதிரி நாம என்னைக்காச்சும் இந்தத் தூணைப் பாத்திருக்கமா?”

சித்தப்பாவும் அவருடைய தம்பிகளும் கையெழுத்துப் போட்டார்கள். பட்டாலையில் பாய் விரித்து நோட்டை எண்ணினார்கள். பெண்பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. அடுத்த பங்குனிக்குள் அந்த இடத்தில் ஆமணக்கு முளைத்திருந்தது.

எங்கள் வீட்டின் முறை வந்தபோது காலம் திருந்தியிருந்தது. 1989ல் தமிழ்நாடும் 2005ல் டெல்லியும் சட்டத்தைத் திருத்தி மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு என்றாக்கின. 2005ல் தகப்பனார் உயிரோடு இருந்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றமும் முடித்துவைத்தது. நியாயம்தான். நியாயம் வந்ததும் எங்கள் பங்குதாரர் கணக்கு முப்பதைத் தாண்டியது. கோலாலம்பூர் அத்தை வருஷப் படைப்பை எங்கே நடத்துவது என்று கேட்டார். சிங்கப்பூர்த் தம்பி பவர் எழுதி இந்தியத் தூதரகத்தில் முத்திரை வாங்கி அனுப்பினான். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்பது நாலாவது மாதம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வங்கிக் கடனில் வாங்குகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பட்டா செத்துப்போன பூட்டன் பேரில். அங்கீகரித்த வரைபடம் கிடையாது. 1920களில் யாரிடம் போய் அங்கீகாரம் கேட்டிருப்பார்கள்? சுண்ணாம்புக் கட்டடத்துக்கு மேனேஜர் கடன் தரமாட்டார். ஆக, மறுபடியும் ரொக்கப் பார்ட்டிதான்.

டாலஸில் இருக்கும் அக்கா மகன் இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. அங்கே தெருமுனைக் கம்பங்களில் ‘அசிங்கமான வீடுகளை வாங்குகிறோம்’ என்று மஞ்சள் பலகை தொங்குமாம். அந்தத் தொழிலில் ஒரு வாய்ப்பாடு உண்டாம்: வீட்டைச் சரிசெய்தபின் என்ன விலை போகுமோ அதில் 70 சதவீதம் எடு, அதிலிருந்து சரிசெய்யும் செலவைக் கழி, மிச்சம்தான் விற்பவனுக்கு. “மாமா, அவசரமும் பழுதும் சேர்ந்த வீடுதான் அவங்களுக்குப் பிடிச்ச வீடு” என்றான். எங்கள் மரக்கடைக்காரர் இதைப் பீடிக்காகிதத்தில் போட்டார், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர், வெளியூர் முதலீட்டாளர்கள். ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். ஒருவர் சுவர்களின் விரிசலை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். மூன்றாமவர் பேசினார். தூணை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டிலும் கரையான் பிடித்த தூண் ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில் நின்றே செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். சொல்லலாமா என்று நினைத்தேன், சொல்லவில்லை. பேரம் முழுக்க விரிசலைப் பற்றித்தான். “இந்தப் பூச்சை எடுத்துக் கட்டவே பாதிப் பணம் போயிடும் சார்.” 2014ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு ஏறியிருக்கிறதே என்று சித்தப்பா மகன் எடுத்துவிட்டான். “பட்டியல்ல ஊர்தானே சார் இருக்கு? உங்க வீடு இல்லையே” என்றார் மூன்றாமவர், சிரித்துக்கொண்டே.

உள்ளது உள்ளபடி என்று எழுதி முடித்தோம். ரொக்கப் பார்ட்டி என்று பேர்தானே தவிர, ஒரு நோட்டைக்கூடக் கண்ணில் காட்டவில்லை. 2015 ஜூன் முதல் வீடு நிலம் விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். கடன் கேட்டு நிற்காத ஆள் என்பதுதான் இன்றைக்கு ரொக்கம். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைக்க வரிசையில் நின்றபோது, கல்யாணத்துக்குக்கூட இத்தனை பேர் சேர்ந்ததில்லை என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டோம். பணம் கைப்பேசியில் வந்து விழுந்தது, வெளிநாட்டுப் பங்காளிகளுக்கு வரி பிடித்தம் போக.

அவர்கள் இடிக்கவில்லை. ஓட்டல் ஆக்கிவிட்டார்கள். போன மாதம் கோலாலம்பூர் அத்தை தன் பேரன் கல்யாணத்தை அங்கேயே வைக்கலாம் என்று விசாரித்திருக்கிறார். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு தொகை சொன்னார்களாம், ஜிஎஸ்டி தனி. அத்தைக்குப் பங்காக வந்ததில் பாதி அதிலேயே போய்விடும்.

“பேரம் பேசினீங்களா அயித்தை?”

“பேசாம இருப்பனா? சுவரெல்லாம் விரிசலு, பூச்சுப் பழசுன்னு சொல்லிப் பாத்தேன். அதுக்குத்தான் மேடம் இந்த ரேட்டேங்கிறான்.”