இடுப்பில் ஓர் அமெரிக்க மூளை

கேள்வி: வெலிங்டன் ராணுவ அதிகாரிகள் இடுப்பில் வைத்திருந்த கைத்துப்பாக்கி அமெரிக்கச் சரக்கா? (வாசகர், குன்னூர்)

பதில்: சரக்கு நம்முடையது, மூளை அமெரிக்கருடையது! ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் 1911, அமெரிக்கப் படையில் 74 ஆண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. 1985இல்தான் இத்தாலியப் பெரெட்டாவுக்கு இடம் விட்டது. அதில் ஏழே குண்டு, ஆனால் ஒவ்வொன்றும் தடி. பிரௌனிங் கடைசியாகத் தொடங்கிய கைத்துப்பாக்கி, 1926இல் அவர் இறந்ததால் பாதியில் நின்றது. பெல்ஜியத்தில் தியூதொனே சைவ் 1935இல் முடித்தார், 13 குண்டு! அந்த வடிவம்தான் கனடா சுற்றி, வங்காளத்து இச்சாப்பூர் ஆலைக்கு வந்து நம் படையின் 9 மி.மீ. துப்பாக்கியானது.

துப்பாக்கிக்கு உயிர் மருந்துதானே? புகையற்ற வெடிமருந்தை நூறாண்டுக்கும் மேலாகச் செய்வது உங்கள் பக்கத்து அருவங்காட்டு ஆலை. மலைரயிலில் போகும்போது எட்டிப் பாருங்கள்.