ஞாயித்துக்கிழமை நெசவாளிக்கு

வாங்க கண்ணு, வாங்க. பெங்களூர்ல கம்ப்யூட்டர் தட்டற கை இப்பத் தறியும் ஓட்டுதாமா? உங்கம்மா போட்டோ காட்டினா. மேசை மேல வெக்கறாப்பல ஒரு குட்டித் தறி, பக்கத்துல காப்பித் தம்ளர், ஜன்னலோரம் இளவெயிலு, நடுவுல நீ கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கற. நெய்யும்போது மனசு அமைதியாயிருதுன்னு கீழ எழுதி வேற வெச்சிருக்கியாமா. ரொம்ப சந்தோசம் சாமி. அந்த அமைதி எங்காச்சும் தட்டுப்படுதான்னு நானும் சென்னிமலையில வயசு பூராத் தறிக்குழியில காலை விட்டுத் துழாவினேன். முழங்கால் வலிதான் ஆப்புட்டுது.

கோவிச்சுக்காதே. உன்னைப் பாத்துப் பொறாமைப்படறேன்னே வெச்சுக்க. நீ நெஞ்ச துண்டையும் பாத்தேன். ஓரம் ஒரு பக்கம் உள்ள போயிருக்குது, ஒரு பக்கம் வெளிய வந்திருக்குது. கையால செஞ்சதுன்னா அப்படித்தான் இருக்கும்னு உன்ற சிநேகிதங்கல்லாம் மெச்சினாங்களாமா. இதே ஓரத்தோட நான் நெசவாளர் சங்கத்துக்குப் போயிருந்தா மெச்சமாட்டாங்க, கூலியில புடிப்பாங்க. இன்னொண்ணு, உன்ற சம்பளத்தை மணிக்கணக்குல பிரிச்சு அந்தத் துண்டு மேல ஏத்திப் பாரு. காஞ்சிபுரத்துக் கல்யாணப் பட்டே சல்லீசுன்னு தோணும். தலை தொவட்டிறாதே, பீரோவுல வெச்சுப் பூட்டு.

வீட்டுல இருந்தே வேலை பாக்கறது என்னமோ கொரோனாவுல நீங்க கண்டுபுடிச்சாப்பல பேசிக்கறீங்க. எங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து எங்களுக்கு ஆபீசு வீட்டுக்குள்ளதான். பாயில இருந்து எந்திரிச்சா நாலு எட்டுல தறி. மீட்டிங்கும் உண்டு. உங்கம்முச்சி ராட்டையில குறுக்கிழை நூலைத் தாராச் சுத்தீட்டே, இன்னைக்கு எத்தனை துண்டு எறங்கும்னு கேப்பா. அதுக்குப் பதில் சொல்லாம தப்பிக்க முடியாது. என்ன, கூலிச்சீட்டுல என்ற பேருதான் இருக்கும். அவ சுத்தற தாருக்குத் தனிக் கணக்கு கெடையாது. 2019-20ல கைத்தறிக் கணக்கெடுப்பு எடுத்தாங்கல்ல, நாடு பூரா 35 லட்சத்துச் சொச்சம் பேரு இந்தச் சோலியில இருக்காங்க, அதுல பெரும்பங்கு பொம்பளைங்கன்னு வந்துச்சு. அதைக் கேட்டுட்டு உங்கம்முச்சி, "எண்ணவாச்சும் எண்ணினானுகளே"ன்னுட்டு மறுபடியும் ராட்டையைச் சுத்தப் போயிட்டா.

அப்புறம், கம்ப்யூட்டரை விட்டுத் தப்பிச்சுத் தறிக்கு வந்தேங்கறயே, அதைக் கேட்டுத்தான் எனக்குச் சிரிப்பு அடங்கலை. அப்பனோட சண்டை கட்டீட்டு ஓடிப்போனவன் பாட்டன் ஊட்டுத் திண்ணையில போய்ப் படுத்த கதையால்ல இருக்குது! சேலத்து நெசவாளர் சேவை மையத்துல எங்களுக்கு டிசைன் சொல்லிக் குடுத்தவரு சொன்னாரு. பிரான்சுல லியோன்னு ஒரு பட்டு ஊரு. அங்க 1804ல ஜக்கார்டுங்கறவரு தறி மேல ஒரு பெட்டியை ஏத்தி, ஓட்டை போட்ட அட்டையைக் கோத்துத் தொங்கவிட்டாரு. பூ டிசைனை மொதல்ல கட்டம் போட்ட காகிதத்துல வரையோணும். அதைப் பாத்து அட்டையில ஓட்டை அடிக்கோணும். மிதியை மிதிச்சா அட்டை ஊசி வரிசையில வந்து முட்டும். ஓட்டை இருந்தா ஊசி உள்ள போகும், அதோட கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லீன்னா கொக்கி தள்ளிப்போயிரும், இழை கீழயே கெடக்கும். மேல, கீழ. இந்த ரெண்டைத்தானே நீங்க ஒண்ணு, சைபர்னு சொல்லிட்டு ஏசி ரூம்புல உக்காந்திருக்கறீங்க? 1843ல அடா லவ்லேஸ்ங்கற சீமைக்கார அம்மணி, பாபேஜோட கணக்கு எந்திரத்தைப் பத்தி எழுதறப்ப இந்தத் தறியைத்தான் எடுத்துக் காட்டுச்சாம். 1890ல அமெரிக்காக்காரன் ஜனக்கணக்கு எண்ணினதும் ஓட்டை அட்டையிலதான். அதனால மேனேஜர் முறைச்சா பயப்படாதே, எங்க வம்சத்துத் தொழிலைத்தான் பாக்கறேன்னு சொல்லு. சம்பளம் ஏறுமான்னு என்னைக் கேக்காதே. எங்களுக்கே ஏறலை.

ஆகஸ்ட் 7 வந்தா கைத்தறி நாள்னு படம் போடறீங்க. 1905ல சுதேசி இயக்கம் கெளம்பின நாளாம். 2015ல இருந்து கொண்டாடறாங்க. நல்லதுதான். வேட்டி, துண்டு, ஜமக்காளத்தையெல்லாம் கைத்தறிக்குன்னு ஒதுக்கி 1985லயே சட்டமும் இருக்குது. மொதல்ல 22 வகைன்னாங்க, பொறகு 11ன்னு ஆக்கிப்புட்டாங்க. தொவைச்சாச் சுருங்கறது துணி மட்டும்னு நெனச்சிருந்தேன்.

இப்பச் சொல்றதை மட்டும் காதுல வாங்கு. உன்ற தறி வரும்போதே நீளவாட்டு இழை, அதான் பாவு, பூட்டியே வந்துச்சாமா? அங்கதான் கோளாறு. நாடாவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட்டறது இருக்குதே, அது கடைசிச் சோலி, சின்னப் பையன் கூடப் பண்ணுவான். விடியறதுக்கு முன்னால தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி வெச்சு, நீவிவிட்டு, வெயில் ஏறறதுக்குள்ள சுருட்டோணும். தெருவே கூடி நிக்கும். ஒரு தூறல் போட்டா அத்தனையும் போச்சு. அப்புறம் பிணைக்கறது. முப்பது அங்குலத் துண்டு, அங்குலத்துக்கு நாப்பது இழைன்னா 1,200 ஆச்சு. தறியில மிச்சம் நிக்கற பழைய இழை ஒவ்வொண்ணோட நுனியையும் புதுப் பாவோட இழை நுனியையும் சேத்து, சாம்பலைத் தொட்டுக் கட்டை விரல்ல ஒரே திருகு. முடிச்சே போடக்கூடாது, போட்டா அச்சுல மாட்டும். ஒரு இழை இடம் மாறினாத் துணி நெடுகக் கோடு விழும். இதை ஒருத்தனும் போட்டோ எடுக்கறதில்லை.

தைப்பூசத் தேருக்கு வருவீல்ல? சித்த முன்னாடியே வந்துரு. அடுத்த பாவு பிணைக்கோணும், எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. அமைதி வேணும்கற உன்ற சிநேகிதங்களையும் கூட்டிட்டு வா, திண்ணை பெருசாத்தான் இருக்குது. கூலி உண்டு; அத்துப்போற இழைக்குப் புடிச்சுக்குவேன். சோறு அம்முச்சி போடுவா. அவகிட்ட மட்டும் தார் சுத்தறது தியானம் மாதிரின்னு வாயத் தொறந்துறாதே. ராட்டையை உன்ற கையில குடுத்துப்போட்டு அவபாட்டுக்குத் தேர் பாக்கப் போயிருவா.