மண்டைக்குள் கரண்ட் விட்ட மகானுபாவர்கள்

பார்க்கின்சன் நோய்க்கு இப்போது மூளைக்குள் மெல்லிய கம்பிகளை இறக்கி, நெஞ்சுத் தோலுக்கடியில் ஒரு பேட்டரியைப் புதைத்து, கரண்ட் விட்டு நடுக்கத்தை அடக்குகிறார்கள். ‘டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன்’, சுருக்கமாக டிபிஎஸ். யாரோ ஒரு மேதை ராத்திரியெல்லாம் விழித்துக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியொன்றும் நடக்கவில்லை. வரலாற்றைப் புரட்டினால் ஒரு மீன், ஒரு நாற்காலி, கிழிந்துபோன ஒரு ரத்தக்குழாய், கலப்படப் போதை ஊசி, கடைசியாகக் கை சும்மா இராமல் குமிழைத் திருகிய ஒரு பிரெஞ்சுக்காரர் என்று வரிசை கட்டி வருகிறார்கள்.

மீனிலிருந்தே ஆரம்பிப்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்றொரு வைத்தியர். தீராத தலைவலி என்று வந்தால், உயிருள்ள மின் திருக்கையைத் தூக்கித் தலைமேல் வைத்துவிடுவார். இடம் மரத்துப்போகும் வரை எடுக்கக் கூடாது. காலில் கீல்வாதம் என்றால் கடற்கரைக்குப் போய் மீன்மேலேயே ஏறி நிற்க வேண்டும். தலைவலி போனதோ இல்லையோ, ‘இன்னும் வலிக்கிறது’ என்று இரண்டாம் தடவை வந்து சொல்ல எவனுக்குத் துணிவு வந்திருக்கும்?

பதினெட்டு நூற்றாண்டுகளை ஒரே தாண்டாகத் தாண்டினால் லண்டன் ஹாக்ஸ்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன். சும்மா கிடக்கிற ஆளில்லை. ‘ஓல்டு ஹியூபர்ட்’ என்ற புனைபெயரில் அரசாங்கத்தை வறுத்தெடுத்துத் துண்டுப் பிரசுரம் போடுவார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நாடகக் கொட்டகையில் விஷ அம்பு விட்டுக் கொல்லச் சதி என்று 1794இல் ஒரு வழக்கு கிளம்பியபோது, மன்னரின் ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில் இவரையும் கூப்பிட்டுக் குடைந்தது. மன்னரும் பிழைத்தார், இவரும் பிழைத்தார். 1817இல் நடுக்குவாதம் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். மொத்தம் ஆறே நோயாளிகள். அதிலும் இரண்டு பேர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள். இன்னொருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. இன்றைக்கு இப்படி ஒரு கட்டுரை அனுப்பினால் எந்த மருத்துவ சஞ்சிகையும் பதில்கூடப் போடாது. ஆனால் மனிதர் பார்த்தது அத்தனையும் கச்சிதம்: முன்னால் வளைந்த உடம்பு, விழப்போகிற மாதிரி ஓட்டமும் நடையும், சும்மா வைத்திருக்கும்போதே ஆடுகிற கை. வைத்தியம் மட்டும் சொதப்பல். கழுத்தில் ரத்தம் இறக்கி, கொப்புளம் எழுப்பிச் சீழ் வடிய விடச் சொன்னார்.

நோய்க்கு அவர் பெயரைச் சூட்டிய புண்ணியவான் பாரிஸ் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஷார்க்கோ. ரயிலிலும் குதிரை வண்டியிலும் குலுங்கிக் குலுங்கி வந்த நோயாளிகள் இறங்கும்போது ‘தேவலை’ என்பதைக் கவனித்து, 1892இல் குலுங்கும் நாற்காலி ஒன்றை அறிமுகப்படுத்தினார். ஆடுகிறவரை ஆட்டியே குணப்படுத்துவது. முள்ளை முள்ளால் எடுக்கிற நியாயம். 2012இல் வெளியான ஒரு ஆய்வில் இதை மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். குலுங்கிய நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கும் குலுங்காத நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு தேவலை.

இனி கத்தி. 1952, நியூயார்க். இர்விங் கூப்பர் என்ற இளம் சர்ஜன். அப்போது ஒரு ஆபரேஷன் உண்டு: மூளையிலிருந்து கைகாலுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக் கட்டையே நறுக்கிவிடுவது. நடுக்கம் நிற்கும், கூடவே அந்தப் பக்கத்துக் கைகாலின் வலுவும் போகும். ஆடும் கைக்குப் பதிலாகத் தொங்கும் கை. அதற்கும் சம்மதித்து ஒரு நோயாளி மேஜையில் படுத்தார். மண்டையைத் திறந்து உள்ளே போன கூப்பர், வெட்ட வேண்டியதை வெட்டுவதற்கு முன்பே பக்கத்திலிருந்த சின்ன ரத்தக்குழாய் ஒன்றைக் கிழித்துவிட்டார். கிளிப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார். ஆபரேஷனை அப்படியே கைவிட்டு மண்டையை மூடினார். இனி வீட்டாரிடம் என்ன சொல்லிச் சமாளிப்பது என்பதுதான் எந்த சர்ஜனுக்கும் அந்த நேரத்து யோசனையாக இருக்கும். நோயாளி கண் விழித்தார். கை ஆடவில்லை. விறைப்பு இல்லை. கைகால் வலுவும் போகவில்லை!

வேறொருவர் என்றால் குலசாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். கூப்பர் அதே குழாயை மற்றவர்களுக்கு வேண்டுமென்றே அடைக்க ஆரம்பித்தார். பலருக்குக் கேட்டது; சிலர் எழுந்திருக்கவே இல்லை. பிறகு அந்தக் குழாய் எந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகிறது என்று பார்த்து, அங்கேயே ஆல்கஹாலை ஊற்றிப் பொசுக்கினார். அதற்கும் பிறகு திரவ நைட்ரஜனால் உறைய வைத்தார். சக டாக்டர்களில் பலருக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாது. எனக்கும் மனிதர்மேல் பாதி மரியாதை, பாதி பயம். 1959இல் இவரிடம் வந்தவர்களில் ஒருவர் மார்கரெட் பூர்க்-வைட். ராட்டைக்குப் பக்கத்தில் காந்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை 1946இல் எடுத்தவர். அவருடைய ஆபரேஷன் கதையை ‘லைஃப்’ பத்திரிகை படங்களோடு போட்டது. ஊரையெல்லாம் படமெடுத்தவரை இன்னொருவர் படமெடுத்தார்.

இத்தனை ரகளையும் 1960களின் கடைசியில் பொசுக்கென்று அடங்கியது. மூளையில் டோபமின் என்ற ரசாயனம் வற்றுவதுதான் வினை என்று தெரிந்து, லெவோடோபா என்ற மாத்திரை வந்துவிட்டது. இதே சரக்கைப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இலேயே சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்து எழுதியிருந்தார்கள். தொட்டால் அரிப்பெடுக்கும் கொடியின் விதைக்குள் நடுக்குவாதத்துக்கு மருந்து இருப்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்! மாத்திரையை விழுங்கிய நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். சர்ஜன்கள் கத்தியைக் கழுவி வைத்தார்கள். சில வருஷம் போனதும் மாத்திரை தன் குணத்தைக் காட்டியது. வேலை செய்கிறபோது உடம்பு தன் இஷ்டத்துக்கு நெளியும். வேகம் தீர்ந்ததும் விறைத்துப் போகும்.

அடுத்த துப்பு போதை ஊசியிலிருந்து வந்தது. 1982இல் கலிபோர்னியாவில் ஹெராயின் என்று நம்பிக் கலப்படச் சரக்கை ஏற்றிக்கொண்ட இளவட்டங்கள் சிலர், கை கால் அசையாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். அதிலிருந்த எம்.பி.டி.பி. என்ற ரசாயனம் குரங்குக்கும் அதே கதியைக் கொண்டுவந்தது. அந்தக் குரங்குகளுக்கு ‘சப்தாலமிக் நியூக்ளியஸ்’ என்ற பயறளவு இடத்தைச் சிதைத்தால் நோய் அடங்குகிறது என்று 1990இல் மாலன் டிலாங் என்ற ஆய்வாளரின் குழு காட்டியது. ஊசி போட்டவன் கெட்டான், குரங்கும் கெட்டது, ஆனால் முகவரி கிடைத்துவிட்டது.

அதற்குள் பிரான்சில், கிரனோபிள் நகரில், 1987இலேயே வேடிக்கை நடந்திருந்தது. நடுக்கத்துக்கு மூளையின் தாலமஸ் பகுதியில் ஒரு துளி இடத்தைச் சுடுகிற ஆபரேஷன். சுடுவதற்கு முன்னால், கம்பி சரியான இடத்தில்தான் நிற்கிறதா என்று கொஞ்சம் கரண்ட் விட்டுப் பார்ப்பது வழக்கம். சர்ஜன் அலிம் லூயி பெனாபிட் இயற்பியலிலும் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த ஜாதிக்குக் குமிழைக் கண்டால் கை சும்மா இருக்காது. மெதுவான அலைவரிசையில் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. திருகிக்கொண்டே போனார். நூறு ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் நோயாளியின் கை நின்றது. அணைத்தார், ஆடியது. போட்டார், நின்றது. அப்புறம் எதற்கய்யா சுடுவது? கரண்டையே உள்ளே குடிவைத்துவிடலாமே! இதய பேஸ்மேக்கரின் பங்காளி மாதிரி ஒரு கருவியை நெஞ்சில் பொருத்தினார்கள். 1993இல் டிலாங் காட்டிக்கொடுத்த இடத்துக்கே கம்பி போனது. பார்க்கின்சனுக்கு இந்தச் சிகிச்சையை 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முழுதாக ஒப்புக்கொண்டது. 2014இல் பெனாபிட்டுக்கும் டிலாங்குக்கும் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது.

ஆபரேஷன் பெரும்பாலும் நோயாளி முழித்திருக்கும்போதே நடக்கும். மூளையைத் தொட்டால் மூளைக்கு வலிக்காது. தலையைச் சட்டத்தில் பூட்டியபடி, பேனாவைக் கொடுத்து ஒரு சுருள் வரையச் சொல்வார்கள். முதல் சுருள் ரம்பப் பல்லாக வரும். கரண்ட் ஏறியதும் அடுத்தது வழவழவென்று வரும். கம்பி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளினால் கதையே வேறு. அதே சால்பெத்ரியேரில் 65 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஒரு முனையில் கரண்ட் விட்டதும், வாழ்க்கையே வெறுத்து அழுதார். அணைத்து 90 நொடிக்குள் பழையபடி சகஜமாகிவிட்டார். 1999இல் இது சஞ்சிகையில் வந்தது. கரண்ட் உள்ளே போய் என்னதான் செய்கிறது என்பதில் நிபுணர்களுக்குள் இன்னும் பஞ்சாயத்து தீரவில்லை.

வாசகர்களுக்கு ஒன்று. இது நோயைத் தீர்க்காது, அடக்கும். நூற்றில் ஓரிருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். நடுக்கம் நீங்கலாக, பொதுவாக மாத்திரைக்குக் கேட்கிற தொல்லைகளே கரண்டுக்கும் கேட்கும். மறதிக்கும் பேச்சுக் குழறலுக்கும் இதை நம்பிப் போகாதீர்கள். அதனால் வீட்டில் யாருக்காவது பார்க்கின்சன் இருந்தால், மாத்திரை சுத்தமாகக் கைவிடட்டும் என்று காத்திருக்காமல், அது ஓரளவு கேட்கும்போதே நரம்பியல் டாக்டரிடம் டிபிஎஸ் பற்றிக் கேட்டுவிடுங்கள்.