மூஞ்சியப் பாத்து மயங்காதலே!

வாலே பேராண்டி, உக்காரு. ஜெர்மனியில, மூனிச் படக்கூடத்துல தொங்குத ஆல்பிரெக்ட் டூரர் படத்துக்கு நீ வியாக்கியானம் எழுதப் போறியாமே? எழுது, எழுது. ஊர்ல மழைதான் இல்ல, வியாக்கியானத்துக்கு என்ன பஞ்சம்?

அந்தாளு 1500-ல தன்னையே வரைஞ்சிருக்கான். தோள்ல வழியுத சுருட்ட முடி, ரோமம் வச்ச கோட்டு, நேருக்கு நேரான பார்வை. அந்தக் காலத்துல உசுரோட இருக்க மனுசன வரைஞ்சா மூஞ்சியக் கொஞ்சம் திருப்பித்தான் வரையது வழக்கம். இப்படி நேரா நிக்கது ஏசுநாதர் நிலை. உடனே நீ 'கர்வம்'னு நாலு பக்கம் எழுதுவ. ஒன் சேக்காளி 'பக்தி'ன்னு அஞ்சு பக்கம் எழுதுவான். கர்வமும் பக்தியும் ஒரே ஆளுக்குள்ள குடியிருக்காதாலே? கோயில் கொடைக்கு ட்யூப்லைட்டு வாங்கிக் குடுத்துட்டு, வெளிச்சம் தெரியாத அளவுக்கு அதுல தன் பேர எழுதுதானே, அவன் எந்தக் கணக்கு?

டூரரும் பேர விடல. ஒரு பக்கம் வருசமும் முத்திரையும். மறுபக்கம், நியூரம்பெர்க் டூரர் 28 வயசுல தன்னை வரைஞ்சான்னு லத்தீன்ல சேதி. பொன்வேலைக்காரன் மவனுக்கு லத்தீன் எதுக்கு? படிச்சவன் பாக்கணும்லா!

இப்ப மூஞ்சிய விடு, கையப் பாரு. ரெண்டு வருசம் முந்தி, 1498-ல, இன்னொரு படம் வரைஞ்சான். அது மாட்ரிட்டுல இருக்கு. அதுல கையுறை மாட்டிக்கிட்டுப் பெரிய வீட்டுப் புள்ள கணக்கா இருக்கான். 1500-ல கையுறையக் கழட்டிட்டான். வெறும் விரலால கோட்டு ரோமத்தத் தடவுதான். 'ஆகா, படைக்கிற கை!'ன்னு பேனாவ எடுத்திராத. கண்ணாடியப் பாத்து வரைஞ்சவனுக்கு இடமும் வலமும் மாறும். நமக்கு வலது கையாத் தெரியது அவன் இடது கையாத்தான் இருக்கும். தூரிகை பிடிச்ச கை அப்பவும் படத்துக்கு வெளியதான். கெட்டிக்காரப்பய, காட்டுனது ஒரு கை, வேலை பாத்தது இன்னொரு கை.

அதனால சொல்லுதேன், 'ஓவியனின் ஆன்மாவே தெரிகிறது'ன்னு ஆரம்பிக்காத. அவன் எதக் காட்ட நெனச்சானோ அதத்தான் ஒனக்குக் காட்டிருக்கான். இல்ல, ஆன்மாவத்தான் எழுதுவேன்னா எழுது. அதுக்குத்தான் கைதட்டு கெடைக்கும்.