டேப் சார்

அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து பூந்தமல்லி வரை தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். எங்கள் தெருக்காரருக்கு டேப் சார் என்று பெயர். சொந்தப் பெயர் கேஸ் புத்தகத்தில் இருக்கிறது. பிறர் செல்போன் செருகும் இடத்தில் இவர் ஐந்து மீட்டர் இரும்பு டேப் செருகியிருப்பார்.

ஆவடி டாங்க் ஃபாக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன். விஜயந்தா காலத்தில் சேர்ந்து அர்ஜுன் காலத்தில் ரிட்டயர் ஆனவர். நூலளவு பிசகினாலும் ரிஜெக்ட். ரிட்டயரான மறுநாள் ரிஜெக்ட் பண்ண ஒன்றும் கிடைக்காமல், தட்டில் விழுந்த இட்லியின் விட்டத்தை உற்றுப் பார்த்தார். அந்தச் சோதனை வீட்டில் எடுபடவில்லை.

நல்லவேளையாக 2022 ஏப்ரலில் சொத்து வரி சீராய்வு வந்தது. 2011-இல் சென்னையோடு சேர்ந்த அம்பத்தூருக்கும் சரி, 2019-இல் மாநகராட்சியான ஆவடிக்கும் சரி, குடியிருப்பு வீடுகளுக்கு ஒரே கணக்கு: 600 சதுர அடி வரை 25 சதவீத உயர்வு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கும் மேலே போனால் 100. தெருவே வயிற்றில் அடித்துக்கொண்டது. டேப் சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நோட்டீஸைப் படித்தார். அவர் வீடு 1,203 சதுர அடி என்று போட்டிருந்தது.

மூன்றடி! மூன்றே அடியில் 50 போய் 75!

மூன்று நாள் அளந்தார். மூலைக்கு மூலை, சுண்ணாம்பு உதிர உதிர. கடைசியில் வாசலில் மாமி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த துளசி மாடத்தைப் பிடித்துவிட்டார். ஒண்ணே முக்கால் அடிக்கு ஒண்ணே முக்கால் அடி. பெருக்கினால் மூன்றடியும் சொச்சமும். அளந்த புண்ணியவான் துளசியையும் குடித்தனக்காரியாகச் சேர்த்துவிட்டார்!

மனு, வரைபடம், துளசி மாடத்தின் நான்கு பக்க போட்டோ. வரி ஆபீஸுக்குப் பதினோரு நடை. "சார், மூணு அடிதானே, விட்டுடுங்களேன்" என்றாராம் ஒரு கிளார்க். "டாங்க்ல மூணு அடி விட்டா என்ன ஆவும் தெரியுமா?" என்றாராம் இவர். வரியில் அரையாண்டுக்கு முந்நூறு ரூபாய் மிச்சமாகும். ஆட்டோவுக்கும் ஜெராக்ஸுக்கும் அதைவிட அதிகம் போயிருக்கும். அதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஏப்ரல் முடிவதற்குள் வரியைக் கட்டி, 5 சதவீத ஊக்கத்தொகையைப் பைசா விடாமல் வாங்கிவிடுவார்.

மனு ஜெயித்தது. அன்றிலிருந்து தெருவுக்கே அவர்தான் வக்கீல். ஆனால் கூப்பிடுகிறவர்கள் கதவைப் பாதிதான் திறக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வீடு ஒன்று, அளவு மூன்று. பேங்க் லோனுக்கு ஒன்று, வாடகைக்கு விட ஒன்று, வரிக்கு ஒன்று. எதிர்வீட்டுக்காரர் புரோக்கரிடம் சொன்ன 1,450 சதுர அடி, வரி ரசீதில் 1,100-க்கு இளைத்திருக்கிறது. மொட்டை மாடி ஷீட் கொட்டகையில் ஒரு குடும்பமே வாடகை கொடுக்கிறது. டேப் சார் தலை தெருமுனையில் தெரிந்தால் கொட்டகைக் கொடியில் உலரும் துணிகள் உள்ளே போய்விடும். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கிற ஆளில்லை. ஆனால் மேலே ஒரு பார்வை பார்ப்பாரே, அது போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "எங்களுக்கும் வரி ஜாஸ்தியாப் போட்டிருக்கான் சார்" என்று சும்மா சொன்னேன். பத்து நிமிஷத்தில் வாசலில் நின்றார்.

"தம்பி, நீங்க சீரோ பக்கம் பிடிங்க. தொங்க விடாதீங்க, இழுத்துப் பிடிங்க."

ஹால், ரூம், அடுப்படி. பின்கட்டில் நாங்கள் போன வருஷம் சத்தமில்லாமல் எழுப்பிய பூஜை அறை. அங்கே டேப் ஒரு விநாடி நின்றது. ரசீதைப் பார்த்தார், 1,160. டைரியில் கூட்டினார். சிவப்புப் பேனாவை எடுத்து 1,236 என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார்.

"தப்பு இருக்கு தம்பி. மனு எழுதிடலாமா?"

நான் சீரோ பக்கத்தை இன்னும் விடவில்லை. அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"சார், இன்னொரு காபி போடட்டுமா? டிகாக்‌ஷன் ஸ்ட்ராங்கா இருக்கட்டுமா?"