கையைப் பார்த்துத் தேளை எடுங்கள்

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் பாசியும் பன்னமும் நட்டு, அதற்குள் ஒரு தேள் வளர்க்க ஆசை. முதன்முதலாக வளர்ப்பவனுக்கு எது தோது, அண்ணை?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: முதலில் அதன் கையைப் பாருங்கள், தம்பி. கை பருத்து வால் மெலிந்திருந்தால் பெரும்பாலும் நஞ்சு குறைவு. கை மெலிந்து வால் தடித்திருந்தால் விலகிவிடுங்கள். யாழ். குடாநாட்டுச் செந்தேள் அந்தச் சாதி. உருவம் சின்னது, கொட்டினால் இதயத்தையே பதம் பார்க்கும்.

உங்களுக்குத் தோதானது கறுத்த நட்டுவக்காலிதான். அது இரையைப் பெரும்பாலும் கையால் நசுக்கியே கொல்லும். ஆனாலும் கொட்டினால் கடுக்கும். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். வளை தோண்டுவது அதன் பிறவிக்குணம் என்பதால் ஒரு சாண் ஈரமண் போட்டு, செடிகளை ஓரமாக நடுங்கள். சோடா மூடியளவு தண்ணீர், வாரம் ஒரு கரப்பான் போதும். தொட்டிக்கு ஒரு தேள்தான், மூடிக்குப் பூட்டு. இரவில் புறஊதா டோர்ச் அடித்துப் பாருங்கள்: அந்தக் கறுப்பு மேனி நீலப்பச்சையாக ஒளிரும்!

காட்டில் பிடிக்க முன் வனசீவராசிகள் திணைக்களத்திடம் சட்டத்தைக் கேளுங்கள். பிறகென்ன, கை வெளியே இருக்கட்டும். கண்ணை மட்டும் தொட்டிக்குள் விடுங்கள்.